காந்தம் இரும்பை இழுக்கிறது, அலுமினியத்தை ஏன் விட்டுவிடுகிறது?

காந்தத்தைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கும் கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. காந்தம் இரும்பை மட்டும் இழுப்பது ஏன்? அந்தச் சக்தி என்றாவது தீர்ந்துபோகுமா? பள்ளியில் படித்த வட துருவம், தென் துருவம் தாண்டி இன்றைய கருவிகளில் அதற்கு என்ன வேலை? காந்தக் காப்பு போட்டால் ரத்த ஓட்டம் சீராகுமா என்று கடைசியாக ஒரு வரியும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். காந்தப்புலத்துக்கு எதிர்வினை காட்டாத பொருள் என்று ஒன்று கிடையாது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்கத்தான் செய்கிறது, மிக மிக லேசாக. தண்ணீரையும் தாமிரத்தையும் கிராஃபைட்டையும் லேசாகத் தள்ளுகிறது. திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு துருவங்களுக்கு இடையே ஊற்றினால் கீழே விழாமல் அங்கேயே தொங்கி நிற்கும். 1997-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வகத்தில் ஆந்த்ரே கெய்ம் குழுவினர் உயிருள்ள தவளையையே சுமார் 16 டெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) புலத்தில் மிதக்க விட்டார்கள். தவளையின் உடலில் உள்ள தண்ணீரைக் காந்தம் தள்ளியதுதான் காரணம். ஆனால் இந்த விசைகள் எல்லாம் இரும்பின் மீதான விசைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அன்றாட வாழ்வில் அவை நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே உண்மையான கேள்வி இதுதான்: இரும்பில் மட்டும் அந்த விசை ஏன் இவ்வளவு பெரிதாகிறது?

ஒவ்வொரு எலக்ட்ரானும் பிறவியிலேயே ஒரு சிறு காந்தம். இந்தப் பண்புக்குத் தற்சுழற்சி என்று பெயர். பெரும்பாலான அணுக்களில் எலக்ட்ரான்கள் எதிரெதிர் திசை நோக்கிய ஜோடிகளாக அமர்ந்திருப்பதால் ஒன்றின் காந்தத்தன்மையை மற்றொன்று அழித்துவிடுகிறது. இரும்பு அணுவில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் சில மிஞ்சுகின்றன. பல பாடப்புத்தகங்கள் விளக்கத்தை இங்கேயே முடித்துவிடுகின்றன, ஆனால் இது பாதி விடைதான். மாங்கனீசிலும் குரோமியத்திலும் கூடத்தான் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அவை காந்தத்தில் ஒட்டுவதில்லையே!

மீதிப் பாதி, பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையில் திரும்பி நிற்பது. அப்படி நிற்க வைப்பது எது? அணுக்காந்தங்கள் ஒன்றையொன்று காந்த விசையால் இழுத்துத் திருப்புகின்றன என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் ஒத்துவராது. அந்த விசை மிகவும் சிறியது. தனிச்சுழி வெப்பநிலைக்கு (சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) மேலே ஒரு கெல்வின், அதாவது ஒரு டிகிரி அளவு சூடு இருந்தாலே போதும், அணுக்களின் அதிர்வு அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். இரும்போ 770 டிகிரி செல்சியஸ் வரை ஒழுங்கைக் காப்பாற்றுகிறது. இந்தப் புதிரை 1928-இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் அவிழ்த்தார். ஒரே திசையில் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது குவாண்டம் விதி. அதனால் அவை விலகி நிற்கின்றன. விலகி நிற்பதால் அவற்றுக்கு இடையிலான மின் விலக்கம் குறைகிறது. சில உலோகங்களில், அணுக்களின் இடைவெளி தக்கபடி அமைந்திருந்தால், ஒரே திசையில் நிற்பதே ஆற்றல் குறைந்த நிலையாகிவிடுகிறது. ஆக, அணுக்காந்தங்களை வரிசையில் நிறுத்துவது காந்த விசையே அல்ல, மின் விசை. இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் இதுவும் ஒன்று. பழைய இயற்பியலை மட்டும் வைத்துக்கொண்டு காந்தத்தை விளக்கவே முடியாது என்பதை 1911-இல் நீல்ஸ் போரும், 1919-இல் ஹென்ட்ரிகா வான் லியூவனும் தனித்தனியே நிறுவியிருந்தார்கள். அந்த வகையில் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய குவாண்டம் விளைவு என்றால் அது காந்தம்தான்.

அறை வெப்பநிலையில் இந்த ஒழுங்கு தானாக அமையும் தனிமங்கள் மிகக் குறைவு: இரும்பு, கோபால்ட், நிக்கல். கடோலினியமும் உண்டு, ஆனால் 20 டிகிரியைத் தாண்டினால் அதன் ஒழுங்கு கலைந்துவிடும்.

தனிமத்தைவிட அடுக்கு முறைதான் முக்கியம் என்பதற்கு எவர்சில்வரே சாட்சி. 304 ரக எவர்சில்வரில் ஏறத்தாழ 70 சதவீதம் இரும்பு. இருந்தும் காந்தம் ஒட்டாது. நிக்கல் சேர்த்ததால் அதில் அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த அடுக்கில் ஒழுங்கு அமைவதில்லை. நிக்கல் சேர்க்காத 430 ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். இதில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. 304 ரகத் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த தொட்டியின் நடுப்பகுதியில் ஒட்டாத காந்தம், வளைந்த மூலைகளில் லேசாகப் பற்றும். வளைக்கும்போது ஏற்பட்ட அழுத்தத்தில் அங்கே அணு அடுக்கு கொஞ்சம் மாறிப்போனதுதான் காரணம். காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வர் என்று சொல்வது சரியல்ல என்பதும் இதிலிருந்து தெரியும்.

சரி, இரும்பில் அணுக்கள் தாமாகவே வரிசையில் நிற்கின்றன என்றால் ஒவ்வோர் ஆணியும் காந்தமாக இருக்க வேண்டுமே? 1907-இல் பியர் வைஸ் இதற்கு விடை சொன்னார். இரும்பு முழுவதும் ஒரே வரிசையாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. இவற்றை டொமைன் என்பார்கள். ஒரு டொமைனுக்குள் எல்லா அணுக்களும் ஒரே திசை, பக்கத்து டொமைன் வேறு திசை. ஒரு கயிற்றை நான்கு பேர் நான்கு பக்கம் இழுத்தால் அது நகராதது போல, மொத்தத்தில் ஆணி சும்மா கிடக்கிறது. அருகில் காந்தம் வந்ததும், அதன் திசைக்கு ஒத்துப்போகும் டொமைன்கள் எல்லையை நகர்த்திப் பெரிதாகின்றன, மற்றவை சுருங்குகின்றன. அந்த எல்லைகள் வழுக்கிக்கொண்டு நகர்வதில்லை, தடைகளில் சிக்கிச் சிக்கி விடுபடுகின்றன. 1919-இல் பார்க்ஹவுசன் இரும்பைச் சுற்றிக் கம்பிச்சுருள் போட்டு, அதில் எழுந்த சிறு மின்துடிப்புகளைப் பெருக்கிக் கேட்டபோது, எல்லைகள் விடுபடும் ஒவ்வொரு தருணமும் சடசடவென்ற ஓசையாகக் கேட்டது.

காந்தத் தொழில்நுட்பம் முழுவதற்கும் அடிப்படை இதுதான் என்பது என் எண்ணம். அந்த எல்லைகள் சுலபமாக நகருமா, சிக்கி நிற்குமா? சுலபமாக நகர்ந்தால் அது மென் காந்தப் பொருள். சிக்கி நின்றால் வன் காந்தப் பொருள். ஒரு பொருளை எதிர்த்திசைக்குத் திருப்ப எவ்வளவு புலம் தேவை என்பதைக் காந்த நீக்குத்திறன் என்ற அளவால் சொல்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளகத்தில் இருக்கும் சிலிக்கான் எஃகுக்கு இது மீட்டருக்குச் சில பத்து ஆம்பியர்தான். நியோடைமியம் காந்தத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஆம்பியர். இரண்டும் பெரும்பாலும் இரும்பால் ஆனவை. எந்தக் கருவியைத் திறந்து பார்த்தாலும், எந்த இடத்தில் மென்மை வேண்டும், எந்த இடத்தில் வன்மை வேண்டும் என்று ஒருவர் யோசித்திருப்பது தெரியும்.

டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் உள்ளகம் நொடிக்கு 100 முறை திசை மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் சிக்கல் இருந்தால் அது வெப்பமாக வீணாகும். அதனால் இரும்பில் 3 சதவீதம் அளவுக்குச் சிலிக்கான் கலந்து, 0.3 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய தகடுகளாக்கி, ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவே மின்காப்புப் பூச்சு கொடுத்து அடுக்குகிறார்கள். தகடாக வெட்டாமல் கட்டியாக வைத்தால், மாறும் காந்தப்புலம் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கிச் சூடேற்றிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் அருகே கேட்கும் ரீங்காரமும் இந்த உள்ளகத்திலிருந்து வருவதுதான். காந்தமாகும்போது இரும்பின் நீளம் மிக நுட்பமாக மாறுகிறது. நொடிக்கு 100 முறை அது நீண்டு சுருங்குவதே அந்த ஒலி.

டிரான்ஸ்ஃபார்மரில் தொல்லையாக இருக்கும் அதே சுழல் மின்னோட்டம் இண்டக்‌ஷன் அடுப்பில் முழு வேலையையும் செய்கிறது. கண்ணாடிக்குக் கீழே உள்ள சுருளில் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அது பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரும்புப் பாத்திரம் மட்டும் சூடாவது ஏன் என்று பலருக்குக் குழப்பம் உண்டு. அலுமினியத்திலும் மின்னோட்டம் தூண்டப்படத்தான் செய்கிறது. ஆனால் அது அரை மில்லிமீட்டர் ஆழம் வரை பரவி, தடை குறைந்த உலோகத்தில் தாராளமாக ஓடுகிறது. அதனால் வெப்பம் அதிகம் எழுவதில்லை. காந்தம் ஒட்டும் எஃகில் அதே மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் போன்ற மெல்லிய மேல்தோலுக்குள் நெருக்கப்படுகிறது. குறுகிய வழி, கூடுதல் தடை, கொதிக்கும் சூடு. ஆகவே பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வது சரியான யோசனை.

ஒழுங்கு வெப்பத்தில் கலையும் என்றேன். அந்தக் கலைப்பையே வேலைக்கு வைத்த கருவி ரைஸ் குக்கர். சுவிட்ச் மட்டும் உள்ள எளிய வகையின் உள்பாத்திரத்தை வெளியே எடுத்தால், அடித்தட்டின் நடுவில் அழுத்தினால் உள்ளே போகும் ஒரு வட்டப் பொத்தான் தெரியும். அதற்குள்ளே ஒரு ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு சேர்ந்த, காந்தம் ஒட்டும் பீங்கான் போன்ற பொருள்) வில்லையும், அதன் கீழே ஒரு நிலைக்காந்தமும், இரண்டையும் பிரிக்கப் பார்க்கும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. நீங்கள் லீவரை அழுத்தும்போது காந்தம் மேலே போய் ஃபெரைட்டில் ஒட்டிக்கொள்கிறது, மின்சுற்று மூடுகிறது. தண்ணீர் இருக்கும் வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் பாத்திரத்தின் சூடு ஏறத் தொடங்கும். அந்த ஃபெரைட், 103 டிகிரி அருகே காந்தத்தன்மையை இழக்கும்படி கலவை பார்த்துச் செய்யப்பட்டது. அந்த வெப்பநிலை வந்ததும் பிடி விடுகிறது, ஸ்பிரிங் காந்தத்தைக் கீழே தள்ளுகிறது, டக் என்று லீவர் மேலேறுகிறது. சென்சார் இல்லை, சிப் இல்லை. ஒரு பொருளின் கியூரி வெப்பநிலைதான், அதாவது அதன் காந்த ஒழுங்கு கலையும் வெப்பநிலைதான், அங்கே முடிவெடுக்கிறது. காந்தவியலை மாணவர்களுக்குச் சொல்லித் தருபவர்கள் சட்டக்காந்தத்தையும் இரும்புத் தூளையும் காட்டுவதோடு இதையும் ஒருமுறை பிரித்துக் காட்ட வேண்டும்.

வன்மையின் பக்கம் வந்தால், பெரிய மாற்றம் 1980-களின் தொடக்கத்தில் நடந்தது. ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடைமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தை உருவாக்கினார்கள். இதில் இரும்பு வலிமையைத் தருகிறது, நியோடைமியம் திசையைப் பூட்டி வைக்கிறது. இயர்ஃபோன், கைபேசிக் கேமராவின் ஃபோகஸ், ஹார்ட் டிஸ்க்கின் கை, மின்சார வாகன மோட்டார், காற்றாலை ஜெனரேட்டர் எல்லாம் இவ்வளவு சிறிதாகவும் வலுவாகவும் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். பலவீனம் வெப்பம். சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினாலே வலிமையை இழக்கத் தொடங்கும். அதனால் வாகன மோட்டாருக்கு டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தைக் கலக்கிறார்கள். இது அரிதாகவும் விலை கூடுதலாகவும் இருப்பதால், இதன் அளவைக் குறைப்பதில்தான் இன்றைய ஆராய்ச்சி பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கில் மென்மையும் வன்மையும் சேர்ந்தே வேண்டும். எழுதும் முனை மென் பொருள், நொடியில் கோடிக்கணக்கான முறை திசை மாறும். தட்டின் மேல் உள்ள கோபால்ட் கலவைப் படலம் வன் பொருள், எழுதியதை ஆண்டுக்கணக்கில் காக்கும். சில பத்து நானோமீட்டர் அகலமே உள்ள அந்தத் தடயத்தைப் படிப்பதற்கு வழி திறந்தது 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் கண்ட மாபெரும் காந்தத்தடை விளைவு, அதாவது மெல்லிய காந்த அடுக்குகளின் மின்தடை காந்தப்புலத்தால் பெரிய அளவில் மாறுவது. 2007-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தடயத்தை இன்னும் சிறிதாக்கினால் அறைச் சூடே அதைக் கலைத்துவிடும். கலையாதபடி மிக வன்மையான பொருளைப் போட்டால் எழுதவே முடியாது. இப்போது வரும் பெரிய டிஸ்க்குகளில் எழுதும் புள்ளியை மட்டும் லேசரால் ஒரு கணம் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பிடி தளர்ந்த அந்தக் கணத்தில் எழுதி, உடனே ஆற விடுகிறார்கள். ரைஸ் குக்கரில் பார்த்த அதே தத்துவம்தான், நானோமீட்டர் அளவில்.

பூமி இதை நமக்கு முன்பே செய்துவிட்டது. எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புத் தாதுத் துகள்கள் 580 டிகிரிக்குக் கீழே வந்ததும் அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பதிந்துகொள்கின்றன. அப்படிப் பதிந்த பாறைகளை ஆராய்ந்து, புவியின் காந்தத் துருவங்கள் கடந்த காலத்தில் இடம் மாறியிருக்கின்றன என்று 1929-இல் மொடோனோரி மட்டுயாமா வாதிட்டார். கடைசி மாற்றம் ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. கடலடி மலைத்தொடரின் இருபுறமும் இந்தப் பதிவுகள் வரிவரியாக ஒத்துப்போவதை 1963-இல் வைன், மேத்யூஸ் இருவரும் விளக்கியபோது கண்டங்கள் நகர்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. புவியின் உள்ளகம் நிலைக்காந்தம் அல்ல. அங்கே நிலவும் ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில் எந்த ஒழுங்கும் நிற்காது. உருகிய இரும்பு ஓடுவதால் எழும் மின்னோட்டமே புவிப்புலத்தைத் தருகிறது. மேற்பரப்பில் அதன் அளவு 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. கைபேசியின் திசைகாட்டி இதைத்தான் அளக்கிறது. காந்த மூடி போட்ட உறை அதைக் குழப்புவதும், கைபேசியை எட்டுப் போடுவது போல ஆட்டச் சொல்வதும் இதனால்தான்.

எம்ஆர்ஐ ஸ்கேனில் உள்ள 1.5 டெஸ்லா, புவிப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. இந்த அளவில், இவ்வளவு பெரிய குழாய்க்குள், சீரான புலத்தை இரும்பாலோ நியோடைமியத்தாலோ தருவது கடினம். ஆகவே மிகக் குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் நியோபியம் டைட்டானியம் மீக்கடத்திக் கம்பிச்சுருளைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்து வைக்கிறார்கள். ஒருமுறை ஓடவிட்ட மின்னோட்டம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஸ்கேன் நடக்காதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆள் இல்லையே என்று அந்த அறைக்குள் இரும்பு நாற்காலியையோ ஆக்சிஜன் சிலிண்டரையோ கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. படம் வருவது உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களிடமிருந்து. 1.5 டெஸ்லாவில் அவை நொடிக்கு 6.4 கோடி முறை தலையாட்டும். புலத்தின் திசையில் நிற்பவை, எதிர்த்திசையில் நிற்பவற்றைவிட பத்து லட்சத்துக்கு ஐந்து என்ற அளவில்தான் கூடுதல். அந்தச் சொற்ப மிச்சத்திலிருந்துதான் மூளையின் மடிப்பு வரை படமாகிறது. உடலில் தண்ணீர் ஏராளமாக இருப்பதால் அந்த மிச்சமே போதுமானதாக இருக்கிறது. ஸ்கேனுக்குள் கேட்கும் தட்டல் சத்தம், புலத்தைச் சிறிது சிறிதாக மாற்றும் துணைச் சுருள்கள் பெரிய புலத்தில் அதிர்வதால் வருவது.

இங்கிருந்தே காந்தக் காப்புக்கு வரலாம். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, ஆகவே காந்தம் அதை இழுக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று தொலைவில், தனித்தனியாக இருக்கின்றன. வரிசையில் நிற்கப் பக்கத்து அணு இல்லை. ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாகத் தள்ளும், ஆக்சிஜனை விட்டதை லேசாக இழுக்கும். இதை 1936-இல் பாலிங்கும் கோரியலும் கண்டறிந்தார்கள். இந்தச் சிறு வேறுபாட்டை வைத்தே, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்க்கும் முறையை 1990-இல் செய்ஜி ஒகாவா உருவாக்கினார். ஆனால் அது ரத்தத்தை நகர்த்தும் விசை அல்ல. 1.5 டெஸ்லாவுக்குள் அரை மணி நேரம் படுத்திருப்பவரின் ரத்தம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவதில்லை. மணிக்கட்டில் கட்டும் சிறு காந்தம் என்ன செய்துவிடும்? முறையாக நடந்த மருத்துவச் சோதனைகளிலும் நிலைக்காந்தங்கள் வலியைக் குறைக்கும் என்பது உறுதிப்படவில்லை. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தீர்ந்துபோகுமா என்ற கேள்விக்கு: காந்தம் எரிபொருள் அல்ல. கதவில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது அது எந்த வேலையும் செய்வதில்லை, எனவே செலவாவதற்கும் எதுவும் இல்லை. இழுத்து ஒட்டும்போது கிடைக்கும் ஆற்றலைப் பிரித்தெடுக்கும்போது நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். காந்தத்தை மட்டும் வைத்து ஓயாமல் ஓடும் இயந்திரம் செய்ய முடியாததும் இதனால்தான். அதிகச் சூடு, வலுவான எதிர்ப்புலம், துரு ஆகிய மூன்றும்தான் இன்றைய காந்தங்களைக் கெடுக்கும். பழைய எஃகுக் காந்தங்களைக் கீழே போடுவதும் கெடுக்கும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், நியோடைமியம் காந்த உருண்டைப் பொம்மைகளை அண்ட விடாதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடல்சுவரை நசுக்கித் துளைத்துவிடும். விழுங்கிய சந்தேகம் வந்தாலே, வலி வரும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காந்தம் உள்ள கைபேசியைச் சட்டைப்பையில் வைக்காமல் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.